ஓரெழுத்து டேக்

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நிமிர்ந்து பார்த்தால் பயிற்சி நிலையங்களின் பலகைகள்தான் கண்ணில் படும். ஜாவா, பைத்தான், டெவ்ஆப்ஸ், எஸ்ஏபி, ஃபுல் ஸ்டாக் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஆதித்யா டிரேட் சென்டரின் மாடிகளிலும் எதிர்ச் சந்துகளிலும் காலை ஏழு மணிக்கே வகுப்புகள் தொடங்கிவிடும். எஸ்.ஆர். நகர் வரை நீளும் ஹாஸ்டல்களில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஆந்திரா, தெலங்கானா மட்டுமின்றி ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். 1998-இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு ஹைடெக் சிட்டி வளரத் தொடங்கியதிலிருந்து, அங்கே வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அமீர்பேட்தான் வாசல்.

ஃபுல் ஸ்டாக் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளின் பாடத்திட்டத்தில் முதல் வரி ஹெச்டிஎம்எல். அதைத்தான் எல்லோரும் மிக வேகமாகக் கடக்கிறார்கள். சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட் என்று போய்விடுகிறார்கள். அந்தச் சில நாள்களிலும் இணைப்பு, அதாவது லிங்க், தருவதற்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு. ஒரு வரியை எழுதிக் காட்டி, கிளிக் செய்து திறந்ததும் அடுத்த பாடம். இது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். மற்ற எல்லாம் பக்கத்தை அழகாக்கும், வேகமாக்கும், கணக்குப் போட வைக்கும். அதை வலையின் பகுதியாக்குவது இணைப்பு ஒன்றுதான். அதைச் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் குறைவு என்பதற்கு, நாம் அன்றாடம் திறக்கும் அரசுத் தளங்களும் கல்லூரித் தளங்களும் சாட்சி.

அடிப்படையிலிருந்தே பார்ப்போம். இதற்குக் கணினி அறிவு எதுவும் வேண்டியதில்லை.

ஹெச்டிஎம்எல் என்பது நிரல்மொழி அல்ல. கூட்டாது, கழிக்காது, முடிவெடுக்காது. எழுதிவைத்த உரையில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எது படம் என்று பிரவுசருக்குச் சொல்லும் குறியீட்டு மொழி, அவ்வளவுதான். அந்தக் குறிகளுக்கு டேக் என்று பெயர். லெஸ் தென் குறிக்கும் கிரேட்டர் தென் குறிக்கும் நடுவில் ஒரு பெயரை எழுதினால் அது டேக். பத்தி தொடங்கும் இடத்தில் பி என்ற எழுத்தை இப்படி அடைத்து எழுதுகிறோம். பத்தி முடியும் இடத்தில் அதே எழுத்துக்கு முன் ஒரு சாய்கோடு சேர்த்து மறுபடி எழுதுகிறோம். பெரிய தலைப்புக்கு ஹெச்1, அதற்கடுத்த தலைப்புக்கு ஹெச்2. சில விதிவிலக்குகளை விட்டால், திறந்ததை மூட வேண்டும் என்பதுதான் இதன் இலக்கணம் முழுவதும்.

எழுதுவதற்கு நோட்பேட் போதும். கோப்பைச் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஹெச்டிஎம்எல் என்று போட்டால், அதை இருமுறை கிளிக் செய்த உடனே பிரவுசரில் திறக்கும். இணையத் தொடர்புகூடத் தேவையில்லை. வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை, உரிமக் கட்டணம் இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. அமீர்பேட்டில் சொல்லித்தரும் எந்தப் பாடத்துக்கும் இல்லாத எளிமை இது.

இனி இணைப்பு. அதற்குரிய டேக்கின் பெயர் ஏ. ஒரே ஓர் எழுத்து. வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். லெஸ் தென் குறி, ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஏ, ஓர் இடைவெளி, ஹெச்ரெஃப், சமக்குறி, இரட்டை மேற்கோளுக்குள் போய்ச் சேர வேண்டிய முகவரி, பிறகு கிரேட்டர் தென் குறி. அடுத்து, படிப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய சொற்கள். கடைசியில் லெஸ் தென், சாய்கோடு, ஏ, கிரேட்டர் தென். முடிந்தது. பிரவுசரில் அந்தச் சொற்கள் நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் தெரியும்.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. மேற்கோளுக்குள் இருக்கும் முகவரி பிரவுசருக்கானது. வெளியே தெரியும் சொற்கள் மனிதருக்கானவை. இந்த இரண்டிலும் நடக்கும் தவறுகள் வேறு வேறு. முதலில் முகவரியைப் பார்ப்போம், ஏனென்றால் முதல் வாரத்தில் எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

முகவரியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே தெருவில் இருப்பவரிடம் ‘மூன்றாவது வீடு’ என்றால் போதும். வெளியூரிலிருந்து வருபவருக்குக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை சொல்ல வேண்டும். அதுபோல, உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கக் கோப்பின் பெயர் மட்டும் போதும். உள் ஃபோல்டரில் இருந்தால் ஃபோல்டர் பெயர், சாய்கோடு, கோப்பின் பெயர். வெளி ஃபோல்டரில் இருந்தால் முதலில் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும். இன்னொருவரின் தளத்துக்குப் போக வேண்டுமானால் முழு முகவரி வேண்டும்.

அந்த முழு முகவரியில் முன்னால் வரும் ஹெச்டிடிபிஎஸ், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு என்ற பகுதியை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விளம்பரங்களில் டபிள்யூ மூன்று முறை என்று தொடங்கிப் படித்த பழக்கம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் அப்படித் தட்டினால் அதுவே முன்பகுதியைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஹெச்ரெஃபுக்குள் அப்படி எழுதினால், அந்தப் பெயரில் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு கோப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு பிரவுசர் தேடும். கிடைக்காது. தளம் சரியாகத்தானே இருக்கிறது, ஏன் திறக்கவில்லை என்று மாணவர் குழம்பிப்போவார்.

இன்னொன்று, தன் கணினியில் சி டிரைவில் இருக்கும் கோப்பின் முழுப் பாதையை அப்படியே நகலெடுத்து ஹெச்ரெஃபில் ஒட்டுவது. தன் கணினியில் அருமையாகத் திறக்கும். நண்பருக்கு அனுப்பினால் திறக்காது. நண்பரின் கணினியில் அந்தப் பாதை இல்லையே! படங்கள் தெரியாமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மூன்றாவது தவறுதான் கண்டுபிடிக்கக் கடினம். விண்டோஸில் கோப்பின் பெயரில் உள்ள பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். ‘கான்டாக்ட்’ என்று பெரிய ஸீ போட்டுச் சேமித்துவிட்டு இணைப்பில் சிறிய ஸீ போட்டாலும் திறந்துவிடும். ஆனால் பக்கங்களை ஏற்றிவைக்கும் சர்வர்களில் பெரும்பான்மை லினக்ஸ். அதற்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள். வகுப்பறையில் ஓடியது, ஏற்றியதும் ‘404’, அதாவது பக்கம் கிடைக்கவில்லை, என்று சொல்லும். இதற்கு மருந்து ஒன்றே: கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல், முதல் நாளிலிருந்தே எழுதிப் பழகுவது. ‘கவனமாக இருங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த மூன்று தவறுகளையும் வகுப்பில் வேண்டுமென்றே செய்துகாட்டி, ஒவ்வொன்றும் திரையில் என்ன ஆகிறது என்று பார்க்க வைக்கும் ஆசிரியரே நல்ல ஆசிரியர்.

பக்கத்துக்குள்ளேயே கீழே இருக்கும் ஒரு பகுதிக்குத் தாவவும் இணைப்பு உண்டு. அந்தப் பகுதிக்கு ஐடி என்று ஒரு பெயர் வைத்துவிட்டு, ஹெச்ரெஃபில் ஹேஷ் குறியோடு அந்தப் பெயரை எழுதினால் போதும். முகவரிக்குப் பதில் டெல், முக்காற்புள்ளி, நாட்டுக் குறியோடு தொலைபேசி எண் என்று எழுதினால், கைப்பேசியில் தொட்டதும் அந்த எண் டயலுக்கு வந்துவிடும். ஒரு சிறிய மெஸ்ஸோ தையல் கடையோ வைத்திருப்பவரின் பக்கத்துக்கு இதைவிடப் பயனுள்ள வரி வேறில்லை.

இந்த ஓரெழுத்து டேக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பு புரியும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் ஒரு முன்மொழிவை எழுதிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள், ஆளுக்கொரு வகைக் கணினி, யாரிடம் எந்த ஆவணம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை. அதைத் தீர்ப்பதற்குத்தான் வலை பிறந்தது. 1991-இல் அவர் வெளியிட்ட முதல் டேக் பட்டியலில் இருந்தவை வெறும் 18. தலைப்பு, பத்தி, பட்டியல் போன்றவை பெரும்பாலும் செர்னில் ஆவணங்கள் தயாரிக்க ஏற்கெனவே புழங்கிய முறையை ஒட்டி எடுத்துக்கொண்டவை. இணைப்புக்கான டேக்தான் புதிது. அவர் படைத்தது என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் இதைத்தான் சுட்ட வேண்டும்.

அவருக்கு முன்பும் ஆவணங்களை இணைக்கும் முறைகள் இருந்தன. டெட் நெல்சன் அறுபதுகளிலேயே அந்தக் கனவைக் கண்டவர். அந்த மரபில் வந்தவர்கள் பலர், இணைப்பு என்றால் இருபுறமும் இருக்க வேண்டும் என்று கருதினார்கள். நீங்கள் என் பக்கத்தைச் சுட்டினால் அது எனக்கும் தெரிய வேண்டும், என் பக்கம் இடம் மாறினால் உங்கள் இணைப்பும் தானே திருந்த வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எல்லாப் பக்கங்களையும் கண்காணிக்கும் ஒரு நடுவம் வேண்டும். பெர்னர்ஸ்-லீ அதைக் கைவிட்டார். அவருடைய இணைப்பு ஒருவழிப் பாதை. சுட்டப்படுபவருக்குச் சுட்டியது தெரிய வேண்டியதில்லை, அவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. 1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடந்த ஹைபர்டெக்ஸ்ட், அதாவது இணைப்புள்ள உரை, பற்றிய மாநாட்டுக்கு அவரும் செர்னில் உடன் பணியாற்றிய ராபர்ட் கயோவும் அனுப்பிய கட்டுரை ஏற்கப்படவில்லை. செய்துகாட்ட மட்டுமே இடம் கிடைத்தது. அறிஞர்களுக்கு அது குறையுள்ள வடிவமாகத் தெரிந்தது.

குறை இருந்தது உண்மைதான். சுட்டப்பட்ட பக்கம் காணாமல் போனால் சுட்டியவருக்குத் தெரியாது. நாம் பார்க்கும் ஒவ்வொரு 404-உம் அந்த முடிவின் விலை. ஆனால் அந்த விலையைக் கொடுத்ததால்தான் நடுவம் இல்லாத, கேட்டுக்கொள்ளத் தேவையில்லாத, யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் சுட்டலாம் என்ற வலை கிடைத்தது. 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி செர்ன் அந்த மென்பொருளைப் பொதுச்சொத்தாக அறிவித்துவிட்டது. கொடுத்தது சரியான விலை என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கதைக்கும் ஹைதராபாத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. உலகளாவிய வலை மாநாடு என்ற ஆய்வாளர் கூட்டம் 1994 மே மாதம் செர்னில் தொடங்கியது. அதன் இருபதாவது மாநாடு 2011 மார்ச் 28 முதல் ஏப்ரல் 1 வரை ஹைதராபாத் சர்வதேச மாநாட்டு மையத்தில் நடந்தது. இந்தியாவுக்கு அந்த மாநாடு வந்தது அதுவே முதல் முறை. அப்துல் கலாம் பேசினார். பெர்னர்ஸ்-லீயும் வந்திருந்தார். அவர் தன் உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், திறந்த சமூகத்துக்காக வலையை வடிவமைப்பது. வலை பெரிய நிறுவனங்களின் மதில்களுக்குள் அடைபட்டுவிடும் என்பது அந்த ஆண்டுகளில் அவருடைய பெரிய கவலை. ஒரு பக்கத்துக்கு முகவரி இருந்தால்தான் அதைச் சுட்ட முடியும். முகவரி இல்லாமல் ஒரு செயலிக்குள் பூட்டிவைத்த செய்தியை வெளியிலிருந்து யாரும் சுட்ட முடியாது. ஏ டேக்கை உலகுக்குத் தந்தவர் வந்து பேசிய அரங்கம் அமீர்பேட் இருக்கும் இதே நகரில்தான் இருக்கிறது. அமீர்பேட்டில் படிக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தொடங்கினால், ஹெச்டிஎம்எல் பாடத்தை அவர்கள் பார்க்கும் விதமே மாறும்.

404 என்ற அந்த விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது எப்படி நேரக்கூடும் என்பதைத் தெலங்கானாவில் நடந்த ஒரு பெயர் மாற்றம் காட்டுகிறது. 2014 ஜூன் 2-இல் மாநிலம் பிறந்தபோது அதன் சுருக்கக் குறி டி.எஸ். என்று ஆனது. புதிதாக வந்த அரசு 2024-இல் அதை டி.ஜி. என்று மாற்றியது. வண்டி எண்களில் தொடங்கிய மாற்றம் நிறுவனங்களின் பெயர்களுக்கும் பரவியது. அரசுப் போக்குவரத்துக் கழகமான டிஎஸ்ஆர்டிசி டிஜிஎஸ்ஆர்டிசி ஆயிற்று. அரசுப் பணியாளர் தேர்வாணையமான டிஎஸ்பிஎஸ்சி டிஜிபிஎஸ்சி ஆயிற்று. பேருந்தில் பழைய பெயர் இருந்தாலும் பேருந்து ஓடும். இணைய முகவரி அப்படியல்ல. முகவரியில் அந்த எழுத்துகள் இருந்து, ஓர் எழுத்து மாறினாலும், பழைய முகவரியைச் சுட்டி எழுதப்பட்ட தேர்வு வழிகாட்டிகள், நூலகக் குறிப்புகள், செய்திகள், பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டவை எல்லாம் ஆபத்தில் விழும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பழைய முகவரியை மூடிவிடாமல் வைத்திருந்து, அதைத் தேடி வருபவர்களைப் புதிய இடத்துக்குத் தானாக அனுப்பிவைக்கும்படி சர்வரில் எழுதிவைக்கலாம். 301 என்ற எண்ணால் குறிக்கப்படும் நிரந்தர மடைமாற்றம் இதுதான். சில வரி வேலை. பெயர் மாறும் ஒவ்வொரு அரசு அலுவலகமும், தளத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் பத்திரிகையும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். நடைமுறையில் புதிய தளம் திறக்கும் விழா நடக்கும், பழைய முகவரி செத்துக் கிடக்கும். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2013-இல் இருந்த பக்கங்களில் மாதிரிக்கு எடுத்துப் பார்த்தவற்றில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போயிருந்தன என்கிறது. 2009-இல் யாகூ தன் ஜியோசிட்டீஸ் என்ற இலவசப் பக்கச் சேவையை மூடியபோது, தமிழர்கள் ஆர்வத்தோடு எழுதிவைத்த தொடக்ககாலப் பக்கங்களும் அதோடு போயின. நல்ல முகவரி மாறாது என்று பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே ஒரு கட்டுரை எழுதி வலியுறுத்தினார். காலப்போக்கில் மாறக்கூடியவற்றை முகவரியில் வைக்காதீர்கள் என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இனி இணைப்பின் இரண்டாவது பகுதி, கண்ணுக்குத் தெரியும் சொற்கள். இங்கே நம் தளங்கள் செய்யும் பிழை ஒன்றுதான், ஆனால் எங்கும் இருக்கிறது. ‘இங்கே சொடுக்கவும்.’ பத்து அறிவிப்புகள் கொண்ட பக்கத்தில் பத்து முறை ‘இங்கே சொடுக்கவும்’.

பார்வையற்ற ஒருவர் இதை எப்படிப் படிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு இளைஞர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் என்விடிஏ நம் நாட்டிலும் பரவலாகப் புழங்குகிறது. அதில் இன்சர்ட் விசையோடு எஃப்7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். முழுப் பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருக்காமல் வேண்டியதற்கு நேரே போவதற்கான வழி அது. நம் அறிவிப்புப் பக்கத்தில் அவர் அதை அழுத்தினால் கேட்பது: இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும். எது தேர்வு முடிவு, எது விண்ணப்பப் படிவம், எது ரத்தான அறிவிப்பு? தெரிந்துகொள்ள வழியில்லை. ‘குரூப் 2 தேர்வு முடிவுகள்’ என்ற சொற்களையே இணைப்பாக்கியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். கூடுதல் செலவு இல்லை, கூடுதல் தொழில்நுட்பமும் இல்லை. டேக் திறக்கும் இடத்தையும் மூடும் இடத்தையும் சற்றுத் தள்ளி வைத்தால் போதும்.

2011-இல் ஹைதராபாத் மாநாட்டோடு சேர்ந்து, எல்லோருக்குமான வலை என்ற பொருளில் அணுகல்தன்மை ஆய்வாளர்களின் தனி மாநாடும் அதே வாரத்தில் நடந்தது. மத்திய அரசு தன் தளங்களுக்கு 2009 முதலே வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. சட்டமும் நெறியும் இருந்தும் ‘இங்கே சொடுக்கவும்’ தொடர்கிறது என்றால், தளம் எழுதுபவர்களுக்கு வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் பொருள். பார்வையுள்ளவர்களுக்கும் இது நன்மையே. கைப்பேசித் திரையை வேகமாக நகர்த்தும்போது கண்ணில் படுவது அடிக்கோடிட்ட சொற்கள்தான். தேடுபொறிகளும் ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று அறிய, அதைச் சுட்டும் இணைப்பின் சொற்களைப் பார்க்கின்றன.

தமிழில் பக்கம் எழுதுபவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேக் போட்டு, எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இது வந்துவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ‘வணக்கம்’ என்று எழுதியது பிரவுசரில் பொருளற்ற குறிகளாகத் தெரியலாம். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு ஃபான்ட் இறக்கி அல்லாடியவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். ஹெச்டிஎம்எல் டேக்கிலேயே லாங் என்று போட்டு, மொழி தமிழ் என்று குறிக்கும் டிஏ என்ற ஈரெழுத்தையும் எழுதிவிடுங்கள். திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற அது உதவும்.

இரண்டாவது, தமிழ் முகவரிகள். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால், விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாகப் பெரிய வால் நீள்வதைப் பார்த்திருப்பீர்கள். வைரஸ் என்று பயந்து தொடாதவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாக விரியும். ‘அம்மா’ என்பதில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறிகள். ஆகவே முகவரியில் அது 45 எழுத்துகள் ஆகிறது. அந்த நீண்ட வாலை ஹெச்ரெஃபுக்குள் வைத்துவிட்டு, வெளியே அழகாகத் தமிழில் பெயர் எழுதுங்கள். ஏ டேக் இருப்பதே அதற்காகத்தான்.

ஜெனீவா ஏரிக்கரையிலேயே, செர்னிலிருந்து அதிக தூரமில்லாத லோசானில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதலான நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அந்தத் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அலங்காரம் கிடையாது. நூல்களின் நீண்ட பட்டியல், ஒவ்வொரு பெயரும் ஓர் இணைப்பு. கால் நூற்றாண்டு கடந்தும் தமிழ் மாணவர்களும் ஆய்வாளர்களும் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். பட்டியலும் ஏ டேக்கும் மட்டும் தெரிந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழில் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவே எல்லாப் பக்கத்தையும் எழுதித் தருகிறதே, இதையெல்லாம் ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கருவிகள் டேக்கைப் பெரும்பாலும் பிழையின்றி எழுதும், மூடவும் மறக்காது. ஆனால் இல்லாத முகவரியை இருப்பதுபோல் நம்பிக்கையோடு எழுதித் தருவதும் அவற்றின் இயல்பு. பார்க்க மெய்யான முகவரி போலவே இருக்கும், தொட்டால் 404. ஒரு பக்கத்தை நம்பி இன்னொரு பக்கத்துக்கு அனுப்புவது எழுதுபவரின் பொறுப்பு. தான் திறந்து படித்த பக்கத்தை மட்டுமே சுட்டுவேன் என்று அந்தக் கருவி உறுதி தராது. எழுதுபவர்தான் தர வேண்டும். ஹெச்ரெஃபுக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாதவரால் அதைத் தர முடியாது. வங்கியின் பெயரை வெளியே காட்டி உள்ளே வேறு முகவரி வைத்து ஏமாற்றுபவர்களிடமிருந்து தப்பிக்கவும் இதே அறிவுதான் வேண்டும். இணைப்பின் இரண்டு பகுதிகளும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை ஒருமுறை தன் கையால் எழுதிப் பார்த்தவர், முன்பின் தெரியாத குறுஞ்செய்தியில் வரும் நீல எழுத்தைச் சும்மா தொடமாட்டார்.

அமீர்பேட் ஆசிரியர்களிடமும், சென்னை, கோவை, மதுரை என்று இதே பாடத்தை நடத்தும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஹெச்டிஎம்எல் பகுதிக்கு இன்னும் ஓரிரு நாள் கொடுங்கள். அதில் ஒரு முழு வகுப்பு இணைப்புக்கு மட்டும். மாணவர் ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி மூன்று பக்கம் எழுதட்டும், அவற்றை ஒன்றோடொன்று இணைக்கட்டும், வகுப்பில் இன்னொருவரின் ஊர்ப்பக்கத்துக்கும் ஓர் இணைப்பு தரட்டும். பிறகு ஒருவர் தன் கோப்பின் பெயரை மாற்றட்டும். யாருடைய இணைப்பெல்லாம் உடைந்தது என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும்.

வீட்டிலிருந்தே கற்பவர்களுக்கும் சொல்வது இதுதான். இன்றே நோட்பேடைத் திறந்து உங்கள் பெயரைத் தலைப்பாக வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். உங்களுக்குப் பயன்பட்ட மூன்று பக்கங்களுக்கு, ‘இங்கே’ என்ற சொல் இல்லாமல், இணைப்பு கொடுங்கள். கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் வேறொருவரின் கைப்பேசியில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.